யாழினியுடன் சிதம்பரம் வரை

காலை ஏழே முக்காலுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினோம். நான், என் அக்கா செல்வி, அவள் மகள் யாழினி. யாழினிக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். பிடித்துக்கொள்ளாவிட்டால் சாய்ந்துவிடுவாள். கைகால் அவள் சொன்னபடி கேட்காது. பேச்சும் வராது.

அத்தான் குவைத்தில் இருக்கிறார். நான்கு மாதமாக வியாழன்தோறும் அக்கா தனியாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணாமலை நகர் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறாள். இந்த வாரம் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் நான்.

"நாம பேசுறது எல்லாம் அவளுக்குப் புரியுதுடா" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று விட்டுவிடுவேன்.

வண்டியில் கூட்டம். அக்காவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. நான் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பது ரூபாய். ஆலப்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். பக்கத்தில் இருந்தவர் கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருப்பவராம்.

"பாப்பாவுக்கு என்ன தம்பி?"

"பொறந்தப்பவே மூளையில பாதிப்புண்ணே. ஒண்ணும் தெரியாது."

"அம்மாவுக்கு ரொம்ப செரமம் இல்ல?"

"அதான். புதுச்சேரி பக்கம் ஒரு ஹோம் இருக்காம். அக்காகிட்ட பேசி அங்க உட்டுடலாம்னு இருக்கேன். இது இருக்குற வரைக்கும் அவ நிமிர முடியாது."

அவர் யாழினியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முட்லூரில் அவள் அழ ஆரம்பித்தாள். வெயில் படுகிறது என்று நினைத்துத் துண்டால் தலையை மூடினேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தும் அழுகை நிற்கவில்லை.

ஒன்பதே காலுக்குச் சிதம்பரம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "மெதுவாத்தான் போறேன், பாப்பாவ நல்லா புடிச்சுக்குங்க" என்றார் ஓட்டுநர். ரயில்வே மேம்பாலத்தில் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

மையம் ஒரு வாடகை வீடு. கூடத்தில் பாய்கள், பெரிய ரப்பர் பந்துகள், சாய்ந்து நிற்க மரச்சட்டங்கள். பயிற்சி தரும் பெண்ணை எல்லோரும் 'மிஸ்' என்றார்கள். முப்பது வயதிருக்கும். அழுதுகொண்டிருந்தவளை வாங்கி, பட்டை போட்ட நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமான்னா மேல பாக்கணும், இல்லன்னா கண்ண மூடணும். ஞாபகம் இருக்கா யாழினி? எங்கயாச்சும் வலிக்குதா?"

அவள் கண்ணை இறுக மூடினாள்.

"பசியா?"

மூடினாள்.

"பயமா இருக்கா?"

கண்கள் கூரையைப் பார்த்தன.

நான் சிரித்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயல் என்று நினைத்தேன். எதற்குப் பயம் என்று கேட்டு மிஸ் படங்களைக் காட்டினார். நாய், ஊசி, பேருந்து. பேருந்துக்குக் கண்கள் மேலே போயின.

"பஸ்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

மேலே.

"அம்மாவா?"

மூடினாள்.

"மாமாவா?"

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னடா சொன்ன?"

மறைக்க முடியவில்லை. பேருந்தில் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அக்கா மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உன்ன எங்கயும் உட மாட்டேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மிஸ் என்னிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "மூளையில அசைவுக்கான பகுதிதான் இவளுக்கு ஜாஸ்தி அடிபட்டிருக்கு சார். நாக்கும் ஒரு தசைதானே, அதான் பேச வரல. சில பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுக்கறதுலயும் கஷ்டம் இருக்கும். ஆனா பேசலன்னா புரியலன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. இவ எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். ஆறு வருடம் அக்கா வீட்டில் அவளுக்கு முன்னால் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இது தேறாது என்றிருக்கிறேன். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நான் தூக்கினால் அழுவாள். நோய் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்பும் வண்டி. மூன்று பேர் இருக்கையில் சேர்ந்தே உட்கார்ந்தோம். புதுச்சத்திரம் தாண்டியபின் நான் யாழினியின் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"மாமா பேசுனது தப்பு. உன்ன யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க." அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மாமா மேல கோவமா?" என்று கேட்டேன்.

வண்டி குலுங்கியதில் அவள் தலை ஒரு பக்கம் சரிந்தது. அதை நிமிர்த்த அவளுக்கு நேரம் பிடித்தது. நான் கை கொடுக்காமல் காத்திருந்தேன். நிமிர்ந்ததும் என்னை நேராகப் பார்த்துவிட்டு, கண்களை மேலே உயர்த்தினாள்.

ஆறு வருடத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. ஆமாம் என்றாள்.