நாகப்பனின் ராத்திரிக் கண்

நாகப்பனுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், பகலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்த பெண்களை ராத்திரி திருவேற்காடுவரை வேனில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. போன மாதம் இருட்டில் வேனை ரோட்டு நடுவிலிருந்த மீடியன்மேல் ஏற்றிவிட்டார். மீடியனைத் தவிர யாருக்கும் அடியில்லை. "கண்ண டெஸ்ட் பண்ணிகினு வா. இல்லாங்காட்டி வண்டிய வேற ஆளுக்குக் குட்த்துருவேன்" என்றார் முதலாளி. அந்த வண்டியை விட்டால் நாகப்பனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பூந்தமல்லி கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள் ஷம்ஷாத். மீடியன் கதையை அவளிடம் சொன்னார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஜெயித்த நினைப்பில் நாகப்பன் எழுந்தும் விட்டார்.

"உக்காருங்கண்ணே. மீடியன் வெளிச்சத்துலயா இருந்துச்சு?" என்று விளக்கை அணைத்தாள் ஷம்ஷாத். கும்மிருட்டு. "எதையும் பாக்காம நேரா சும்மா இருங்க. இருட்டுல உங்க கண்ணோட பார்வை எவ்ளோ தூரத்துல போய் நிக்குதுன்னு பாக்கணும்." அவள் கையிலிருந்த கருவியிலிருந்து மங்கலாக ஒரு கீற்று அவர் கண்ணில் ஆடியது.

விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவரிடம், "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பி, "ஆச்சும்மா" என்றார். எடுத்த அளவு போயிற்று.

"திரும்பாதீங்கண்ணே."

"சரிம்மா" என்று மறுபடியும் திரும்பினார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லும் பழக்கம் அவர் வீட்டில் யாருக்கும் இல்லை. இருட்டில் முகம் தெரியாது என்பது வேறு விஷயம்.

கடைசியில் ஷம்ஷாத் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது லேசான காரியமில்லை. சத்தமே இல்லாமல் போனதும், "இன்னாம்மா, அங்கதான் கீறியா?" என்றார் எதிர்ச்சுவரிடம். தலை திரும்பவில்லை. அளவு கிடைத்துவிட்டது.

விளக்கு எரிந்தது. "இருட்டானா எல்லார் கண்ணும் கொஞ்சம் கிட்டக்க வந்து நின்னுக்கும். உங்களுக்கு ரொம்பவே கிட்டக்க. இவ்ளோதான்" என்று கையை நீட்டிக் காட்டினாள். "அதுக்கு அந்தப் பக்கம் மங்கல்தான். ராத்திரி ஓட்டும்போது மட்டும் ஒரு கண்ணாடி போடுங்க, போதும்."

நாகப்பன் அந்தக் கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூட வராது.

கண்ணாடி வந்தது, வண்டியும் அவரிடமே இருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி கடைக்கு வந்தார்.

"கண்ணாடி சரியில்லையாண்ணே?"

"சூப்பரா தெரியுதும்மா. லைட்டே இல்லாத சைக்கிளு, ரோட்ட தாண்டுற ஆளுங்கோ, மாடு, அல்லாம் தெரியுது." நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. "இத்தினி நாளும் அதெல்லாம் அங்கியேதான் இருந்துச்சாம்மா?"

நாகப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.