நடுவில் மூன்று புள்ளிகள்

வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கும் பலாமரம் வரை எனக்கு இருநூற்றுப் பதினான்கு அடி. என் மனைவிக்கு முந்நூற்று ஆறு. முட்டி வலி வருவதற்கு முன் அவளுக்கும் இருநூற்று நாற்பதுதான் இருந்தது. முட்டியின் நிலைமையை வைத்தியர்கள் படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். நான் பின்னால் நடந்தே தெரிந்துகொண்டேன்.

மதியம் ஒன்று பத்துக்கு எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் பஸ் அது. மாலையில் திரும்பி ஏறி வரும். செவ்வாயும் வெள்ளியும் அவள் அதில் கீழே போய், முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் காலை நீட்டி மடக்கிவிட்டு, அங்கிருக்கும் தங்கை வீட்டில் காபி குடித்துவிட்டு வருவாள். பஸ் இல்லையென்றால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லையென்றால் சேலத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது குடும்பத்தில் ஏற்கெனவே முடிவான விஷயம். மகன் வீடு மூன்றாம் மாடியில். ஐம்பத்து நான்கு படி. லிஃப்ட் உண்டு; அது ஓடி நான் பார்த்ததில்லை. மிளகுக் கொடியையும் மலைக் குளிரையும் விட்டுவிட்டு அந்தப் படிகளுக்கு நடுவே உட்கார அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

ஐப்பசி தொடக்கத்தில் பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். போதிய பயணிகள் இல்லாததால் இந்த நடை நிறுத்தப்படலாம், ஆட்சேபம் உள்ளவர்கள் ஆறு மாதப் பயணிகள் விவரத்தைக் கீழேயுள்ள போக்குவரத்து அலுவலகத்துக்கு அட்டவணையாக அனுப்பலாம் என்று அதில் இருந்தது. போதிய என்றால் எத்தனை என்று போடவில்லை. முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். எண் இல்லாத வாக்கியத்தை நான் வாக்கியமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாளே நோட்டும் பென்சிலுமாக மரத்தடிக்குப் போனேன். நூற்று எண்பது நாள். ஒரு நாள் தவறவில்லை. மனைவியோடு கீழே போய்வரக் கூடாதா என்று அவளுடைய தங்கை குறைப்பட்டுக்கொண்டாளாம். நானும் பஸ்ஸில் ஏறிவிட்டால் கீழே நின்று எண்ணுவது யார்? எடப்புளியிலிருந்து நடந்து வருபவர்கள் என்னைப் பார்த்ததும் வரிசையாக நிற்கப் பழகிக்கொண்டார்கள். ஒருவர் மரவள்ளி மூட்டையையும் சேர்த்து எழுதச் சொன்னார். மூட்டை ஆளல்ல என்று விளக்குவதற்குள் பஸ் போய்விட்டது.

பங்குனி முடிவில் கூட்டிப் பார்த்தேன். இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு பேர். நாளுக்குப் பதினாலே முக்காலுக்கு ஒரு முடி குறைவு. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கணினி பார்ப்பவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண். மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அவரிடம் நோட்டைக் கொடுத்துக் கட்டம் போட்டுத் தரச் சொன்னேன். கட்டம் போடும் வழக்கமான மென்பொருளுக்குச் சந்தா முடிந்துவிட்டது, பரவாயில்லை, தான் பைத்தான் என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருப்பதாகவும் பத்து வரி எழுதினால் அட்டவணை தானாக வந்து நிற்கும் என்றும் சொன்னார். ஒரு மலைப்பாம்பின் பெயரை மொழிக்கு வைத்தவர்கள் மேல் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

தேதி, கிழமை, ஏறுமிடம், இறங்குமிடம், ஆண், பெண், மொத்தம் என்று ஏழு பத்தி. கூட்டுத்தொகைக்குப் படிவத்தில் இடமில்லை, அவர்களே கூட்டிக்கொள்வார்கள் என்றார். முதல் இருபது நாளை ஏற்றிச் சோதித்துக் காட்டினார். இருபதும் வந்தன. ஆனால் கோடுகள் நேராக இல்லை. எங்கள் மலைச்சாலை மாதிரி வளைந்து வளைந்து இறங்கின. காரணம் கேட்டேன். முள்ளுக்குறிச்சி என்பதில் எட்டு எழுத்து. கணினி இகர, உகரக் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிப் பதினாறு என்கிறதாம். எழுத்தையே எண்ணத் தெரியாத இயந்திரத்திடம் நூற்று எண்பது நாளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மீதியை அவர் ஏற்றி, கரண்ட் போவதற்குள் அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அனுப்பிய விவரப்படி சராசரி மூன்று பேர். குறைந்தபட்சம் பதினைந்து பேர் தேவை. எனவே வரும் மாதம் முதல் நடை நிறுத்தப்படும்.

மூன்று என்ற எண்ணை நான் நாலு தடவை படித்தேன். கூடவே நாங்கள் அனுப்பிய அட்டவணையின் நகல் இருந்தது. ஒரே பக்கம். மேலே ஐந்து நாள், கீழே ஐந்து நாள், நடுவில் மூன்று புள்ளி. மேலே இருந்தது ஐப்பசி மழையில் மரம் விழுந்த வாரம்: மூன்று, இரண்டு, சைபர், நான்கு, ஒன்று. கீழே இருந்தது பஸ் பிரேக் பழுதாகித் தாமதமாக வர, பொறுக்காமல் எல்லோரும் லாரியில் ஏறிப்போன வாரம்: ஆறு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பத்து நாளில் முப்பது பேர். கீழேயுள்ள அலுவலகத்தில் கூட்டலும் வகுத்தலும் பிழையில்லாமல் செய்திருந்தார்கள். நூற்று எழுபது நாள் மூன்று புள்ளிக்குள் இருந்தது. கடைசியில் நூற்று எண்பது வரிசை என்று ஒரு சிறு வரி ஆங்கிலத்தில் கிடந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

நகலோடு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

“அறுபது வரிசைக்கு மேல போனா மேல அஞ்சு, கீழ அஞ்சு மட்டுந்தான் காட்டும் சார். ஸ்கிரீன்ல அழகாத் தெரியணும்னு.”

அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

அதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் கண்டக்டர் படியில் நின்றபடி, “ஏனுங்க சர்வேயரய்யா, மலைப்பாம்பு நம்ம பஸ்ஸ முழுங்கிருச்சாமுங்களே” என்றார். உள்ளே இருந்த பதினேழு பேரும் சிரித்தார்கள். பதினாறு பேர்; ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

எல்லா வரிசையையும் காட்டு என்று கணினிக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதுமாம். அதை எழுதியதும் நூற்று எண்பதும் வந்து நின்றன. ஆனால் நிம்மதி அரை நிமிடம்கூட இல்லை. அவர்கள் கேட்பது பதினைந்து. என்னிடம் இருப்பது பதினான்கு புள்ளி ஏழு மூன்று. மொத்தத்தில் நாற்பத்தெட்டு ஆள் குறைவு. தசமத்தை நீக்கிப் பதினைந்து என்றே காட்டிவிடலாமா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் என்னை ஒரு அடி தள்ளி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள், தள்ளியதில்லை. வேண்டாம் என்றேன். சொல்லும்போது ஐம்பத்து நான்கு படியும் கண்முன் வந்து போயின.

வீட்டில் மனைவி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினாள். ஆறு மாதத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மாசி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் விரலை வைத்தாள்.

“அன்னிக்கு ஒன்பது பொம்பளைங்க. சீட்டுக்குச் சண்டை வந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. எட்டுன்னு போட்டிருக்கறீங்க.”

நான் தவறாக எண்ண மாட்டேன் என்றேன். அவள் வேறொரு செவ்வாய்க்குப் போனாள். அங்கேயும் ஒன்று குறைந்தது. இன்னொரு வெள்ளி. அதிலும் ஒன்று. பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நானு ஆளு இல்லீங்களா?”

நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் வந்து நின்றதும் முதலில் அவள் முழங்கையைப் பிடித்துப் படியேற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, பையை மடியில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குவேன். அதன் பிறகுதான் நோட்டை எடுத்து, “ம், ஏறுங்க” என்று எண்ண ஆரம்பிப்பேன். அவளை ஏற்றுவது என் வேலை. எண்ணுவது வேறு வேலை. இரண்டும் என் மனதில் ஒருநாளும் சேரவே இல்லை. கணினிக்காவது மூன்று புள்ளி வைக்கத் தெரிந்திருந்தது. நான் அதுகூட வைக்கவில்லை.

வாய்ச்சொல்லை நம்பி எண்ணிக்கையைத் திருத்துகிறவன் நானல்ல. சான்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்த விதம் நன்றாக இல்லை. ஆனாலும் எழுந்து போய், பயிற்சி கொடுக்கும் இடத்தில் முத்திரை போட்டுத் தரும் அட்டையைக் கொண்டுவந்து போட்டாள். செவ்வாயும் வெள்ளியுமாக ஐம்பத்திரண்டு நாளில் மூன்று நாள் போகவில்லை. இரண்டு மழைக்கு, ஒன்று கல்யாணத்துக்கு. நாற்பத்தொன்பது முத்திரை. வேண்டியது நாற்பத்தெட்டு. இரண்டு தடவை எண்ணினேன். அவள் பார்க்காதபோது மூன்றாவது தடவை.

பழைய எண்களில் கை வைக்காமல், விட்டுப்போனவர் என்று எட்டாவது பத்தி ஒன்று சேர்க்கச் சொன்னேன். ஆண் என்ற பத்திக்கு முன்னால் சேர்த்து அந்தப் பெண் அச்சிட்டார். தாள் வெளியே வந்தது. எட்டுப் பத்தி அகலத்துக்கு அடங்காததால் இந்த முறை நடுவிலிருந்த பத்திகள் மறைந்து அங்கே மூன்று புள்ளி. மறைந்தவற்றில் என் மனைவியும் ஒன்று. அதற்கு இன்னொரு வரி இருக்கிறதாம். அதையும் எழுதி, தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, அடியில் கூட்டுத்தொகையையும் போட்டார். அட்டையின் நகலையும் சேர்த்து, நானே பஸ்ஸில் கீழே போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மரத்தடியில் எண்ண ஆளில்லை.

பஸ் நின்றுபோகவில்லை. சராசரி பதினைந்து புள்ளி சைபர் ஒன்று என்பதால் நடை தொடரும், அடுத்த ஆறு மாதத்துக்கும் விவரம் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து பக்கத்தையும் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அடி வரியைப் பார்த்திருப்பார்கள்.

இப்போது செவ்வாய், வெள்ளிகளில் பஸ் ஒரு நிமிடம் இருபது வினாடி தாமதமாகக் கிளம்புகிறது. கண்டக்டர் விசில் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். என் மனைவி படிக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். பின்னால் எடப்புளிக்காரர்கள் மூட்டையோடு காத்திருக்கிறார்கள். நான் நோட்டை எடுத்து, பெண் என்ற பத்தியில் ஒன்று போட்டு, திருப்பிக் காட்டுகிறேன். பார்த்த பிறகுதான் அவள் முட்டியைத் தூக்குகிறாள்.