இருபத்தேழாவது ஒயர்

எங்கள் பள்ளிக் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவரைக் கேபிள் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதுகூட கையில் ஒரு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அப்படி அவர் போட்டு வைத்த ஒயரில் தடுக்கி, கணக்கு வாத்தியாரான நான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் குப்புற விழுந்தேன். மானம் கப்பலேறியது. அன்றே தலைமையாசிரியரிடம் போய், ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு வைஃபை போடுங்கள் என்று குதித்தேன்.

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒயர் என்றால் ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி, வைஃபை என்றால் ஒரே வழியில் அத்தனை பேரும் முண்டியடிக்க வேண்டும் என்றார். தலைமையாசிரியரோ வைஃபை பெட்டியை வாங்கி மாட்டி, தன் மடிக்கணினி ஒன்றை மட்டும் அதில் திறந்து பார்த்துவிட்டு, சிட்டாய்ப் பறக்கிறதே என்று பேச்சை முடித்துவிட்டார். நானே முன்னின்று ஒயர்களை உருவினேன். மேசைக்காலில் சிக்கிய ஒன்றைப் பொறுமையில்லாமல் கத்தரியால் வெட்டியும் போட்டேன்.

பிறகு அறிவியல் சிறப்புப் பள்ளியில் சேர்வதற்கான இணையவழி நுழைவுத் தேர்வு வந்தது. எங்கள் கணினி அறையில்தான் எழுத வேண்டும். எழுதப் போகும் இருபத்தேழு பேரில் அக்காவின் மகளும் ஒருத்தி. இரண்டு வருடமாக இதற்கென்றே படித்தவள். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி எழுத விடமாட்டார்கள்.

தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒத்திகை பார்த்தோம். இருபத்தேழு கணினியையும் ஒன்றாகத் திறந்ததும் வைஃபை படுத்துவிட்டது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒயர் மூட்டையை இழுத்து வந்து மேசைகளுக்கடியில் தவழ்ந்தார். நானும் பின்னாலேயே தவழ்ந்தேன். இருபத்தாறு கணினிகள் உயிர்பெற்றன. மிச்சமிருந்த ஒயர் நான் வெட்டியது. துண்டு எதுவும் எட்டவில்லை.

அந்த இடத்தில் அக்கா தன் மகளை உட்காரவைத்தார்.

"எனக்கு மட்டும் ஏம்மா ஒயர் இல்ல?" என்று அவள் கண்கலங்கினாள்.

"மத்தவங்க எல்லாரும் ஒயருக்குப் போயிட்டாங்கடி. இப்ப வைஃபை முழுக்க உனக்கு ஒருத்திக்குத்தான். தைரியமா எழுது."

குரல் திடமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் தலைமையாசிரியரின் போனையும் என் போனையும் வாங்கி அணைத்தார். அவையும் அதே வைஃபையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரமும் கதவை விட்டு நகரவில்லை.

ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"வெட்டினது நான். உங்க பொண்ணை ஏன்க்கா அங்க உக்கார வச்சீங்க?"

"வேற பிள்ளைய உக்கார வச்சு, பாதியில நின்னு போயிருந்தா, அதோட அம்மாகிட்ட யார் சார் பதில் சொல்றது?"