நான் கால் வைக்கிற இடத்தில்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுப்பவள் என் மனைவி சொர்ணம்தான். அன்று காலை அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் எடுக்காதவரை அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கீழ்வீட்டு வங்காளிப் பெண் ஷிப்ரா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "மேஷோமஷாய், போனை ஏன் எடுக்கலே? குமார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். மாஷிமா…" என்று சொர்ணத்தைச் சொல்ல வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் குமார் எழுதுகிறான். சொர்ணத்தை அறிந்தவர்கள் நாங்கள் இருக்கும் பெஹாலாவில் நிறைய உண்டு. அறியாதவர்களும் அறிய வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அவள் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, பயந்தது அவள் இல்லை. நான் அதற்கு முன்பே பல வருஷம் இதே ஊரில், லேக் கார்டன்ஸில் முறுக்குக் கடையில் இருந்தவன். இருந்தும் பஸ் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூசி, தெரிந்த முகம் வரும்வரை நிற்பேன். அன்றும் நின்றேன். அவளோ கண்டக்டரைப் பார்த்துத் தமிழிலேயே, "ஏய்யா, பெஹாலா போவுமா?" என்று சத்தம் போட்டாள். அவன் சிரித்தான். இவளும் சிரித்தாள். உட்கார்ந்ததும் என் காதருகே, "ஒங்களுக்கு எழுத்துதான் தெரியாதுன்னு சொன்னாவ. கேக்கவுமா பயம்?" என்றாள்.

குமார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எந்த இடத்தில் சாக்கடை திறந்து கிடக்கிறது என்று தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினாள். காலால் தடவித் தடவி ஒவ்வோர் அடியாக வைத்தாள்.

"தண்ணியப் பாக்காதீய. நான் கால் வைக்கிற எடத்துலயே வைங்க. வந்துருவீய."

டாக்டர் வீட்டுப் படியேறிய பிறகுதான் பார்த்தேன், அவள் வலது பெருவிரல் கிழிந்து ரத்தம் ஓடியது. பிள்ளை பிழைத்தான். அந்த விரல் கடைசிவரை கோணலாகவே இருந்தது.

வளர்ந்த பிறகு அவனுக்கு அலிப்பூரில் வேலை கிடைத்தது. முதல் நாள் சொர்ணம் அவன் பின்னாலேயே போய், எதிர்ப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு, அவன் உள்ளே நுழையும்வரை நின்றாள். 'இதை எழுதணுமாப்பா?' என்கிறான் இப்போது. எழுதத்தான் வேண்டும்.

போன் அடித்த அன்றே அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமமும் பூவும் வைத்தார்கள். அப்போது ஷிப்ரா ஒரு வெள்ளைத் துணியும் ஆல்தா பாட்டிலும் கொண்டுவந்தாள். வீட்டுப் பெரியவர் இறந்தால் காலில் அந்தச் சிவப்புச் சாயத்தைப் பூசி, பாதத்தைத் துணியில் ஒற்றி வைத்துக்கொள்வது வங்காளிகள் வழக்கம். என் மைத்துனர் சண்முகம் குறுக்கே வந்தார்.

"அத்தான், இது நம்ம வழக்கம் இல்ல. வெளிய போற பாதத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிடக் கூடாது."

வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்ல என்று கேட்கப் பழக்கதோஷத்தில் அவள் பக்கமே திரும்பினேன். போர்வைக்கு வெளியே அந்தக் கோணல் விரல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது இருக்காது.

"எடும்மா ஷிப்ரா," என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. சண்முகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலை நானே பிடித்துக்கொடுத்தேன். சில்லென்று இருந்தது.

இப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். படிக்கட்டுக்குப் பயம், மழை இருட்டினால் பயம், அடுக்களையில் சத்தமே இல்லாததற்குப் பயம். அவள் படத்துக்குக் கீழே பெயர் எழுதியிருக்கிறார்களாம். அது எனக்குத் தெரியாது. பக்கத்தில் தொங்கும் துணியில் சிவப்பாய் இரண்டு பாதங்கள், ஒரு விரல் கோணல். அது தெரியும். நேற்று போன் அடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்தேன்.

சொர்ணம், இந்தத் தடவையும் நீதான் முன்னால் இறங்கியிருக்கிறாய். பார்த்துக் கால் வை. பயந்துகொண்டேதான், ஆனாலும் உன் பின்னாலேயே வருகிறேன்.