கென்சோ கொத்தனார் கட்டிய எருத்தொட்டி

பால்கன் மலையடிவாரத்துக் கொத்தனார்கள் மே மாதம் புனித கியோர்கி நாளன்று மூட்டைமுடிச்சோடு கிளம்பினால், அக்டோபர் கடைசியில் புனித திமித்தர் நாளுக்குத்தான் வீடு திரும்புவார்கள். கென்சோவும் அப்படித்தான், முப்பத்தெட்டு வருஷம். அவர் வரும்போது தோட்டத்தில் எருக்குவியல் ஓரமாகச் சாம்பல்நிறப் பறங்கிக்காய்கள் புரண்டு கிடக்கும். அவற்றை அறுத்து வீட்டுக்குள் சுமப்பது ஒன்றுதான் தோட்டத்தில் அவருக்குத் தெரிந்த வேலை.

வேலையை விட்டு அவர் வீட்டோடு தங்கிய வருஷமே மனைவி நெதெல்யா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பாவம், ஒருநாள் சும்மா உட்கார்ந்தவள் இல்லை. இனி தோட்டம் என் பாடு என்று மனிதர் மார்தட்டினார். முதல் காரியமாக, சிதறிக் கிடந்த எருவுக்குச் செங்கலில் தொட்டி கட்டினார். தொட்டியா அது! மட்டப்பலகை வைத்துப் பார்த்து, விளிம்பெல்லாம் வழவழவென்று பூசி, அப்படி ஒரு கட்டுமானம். நெதெல்யாவை நாற்காலியோடு தூக்கி வந்து காட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நாமளே குடி போயிடலாம் போலிருக்கேய்யா!" அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

தொட்டியோரமே பறங்கி போட்டார். முதல் வருஷம் காய்த்தது. அடுத்த வருஷம் பாதிக் கொடி சுருண்டது. மூன்றாம் வருஷம் காலையில் பச்சையாக நின்ற கொடி சாயங்காலம் வதங்கி விழுந்தது, ஒரு காய்கூடத் தேறவில்லை. நெதெல்யாவின் அம்மா வீட்டு விதை அது. அந்தக் காயைத் துருவி, வால்நட் சேர்த்து, மெல்லிய மாவில் சுருட்டிச் சுடாமல் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வந்ததே இல்லை. டப்பாவில் மிஞ்சியது ஒன்பது விதை. இந்தத் தடவையும் போனால் அந்த இனமே அத்துப்போகும்.

அந்த மே மாதமும் தொட்டியோரம் குழி வெட்டினார். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஸ்தானா கத்தினாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"யோவ் கொத்தனாரே, மறுபடியும் அங்கேயேவா? அந்த மண்ணுல நோய் ஊறிக் கிடக்கு. கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"எருவோரம்தானே எப்பவும் போடுறது? முப்பத்தெட்டு வருஷமா பாக்குறேனே!"

"கிழிச்சே! நீ பாத்தது அக்டோபர்ல. நீ கிளம்பின மறுநாளே உன் பொண்டாட்டி எருக்குவியலையே வேற மூலைக்கு மாத்திடுவா. பறங்கி ஒரு வருஷம் அவரைக்காய் இருந்த பாத்தியில, அடுத்த வருஷம் வெங்காயம் இருந்த பாத்தியில. நாலு வருஷம் கழிச்சுத்தான் பறங்கி பழைய மண்ணுக்கு வரும். ஒத்த ஆளா வண்டி வண்டியா தள்ளுவா. உன் தொட்டியை எவன் தள்றது?"

கென்சோவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார்.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல? உங்கம்மா விதைடி அது!"

நெதெல்யா பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்தாள். "ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் கட்டின. எனக்குன்னு கட்டினது அது ஒண்ணுதானேய்யா. அதை இடின்னு எந்த வாயால சொல்லுவேன்? விதை போனா போகுதுன்னு இருந்துட்டேன்."

கென்சோ சம்மட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாழாய்ப்போன சுவர், அவர் கட்டியதாயிற்றே, லேசில் அசையுமா! இரண்டு நாள் பிடித்தது. ஸ்தானா வாய் ஓயாமல் கேலி செய்தபடியே தன் வீட்டு ஆட்டெருவை நாலு வண்டி கொண்டுவந்து அவரைக்காய்ப் பாத்தியில் கொட்டினாள். மகராசி, அவள் நன்றாக இருக்கட்டும். அங்கே போட்ட ஒன்பது விதையில் ஆறு முளைத்தது. அக்டோபரில் பதினொரு காய்.

அறுக்கும் நாளில் கென்சோ கத்தியை நெதெல்யா கையில் கொடுத்தார். வாசற்படியிலிருந்து பாத்திவரை, இடித்த செங்கல்லை வைத்து மேடுபள்ளமில்லாமல் ஒரு நடைபாதை. நெதெல்யா கைத்தடியை ஊன்றி நாலு எட்டு வைத்தாள். ஒரு கல் லேசாக ஆடியது.

"என்னய்யா, பெரிய கொத்தனாரு, சிமென்ட் போடலியா?"

"போடல. அடுத்த வருஷம் பறங்கி வெங்காயப் பாத்திக்குப் போகுமில்ல? இதைப் பேர்த்து அங்க போடணும்."