முத்திரை ஆய்வாளர் ஊசி வாங்கிய வரலாறு

எடையளவுத் துறையில் இருபத்தாறு வருடமாக முத்திரை ஆய்வாளராக இருக்கும் அவருக்குக் கடைத்தெரு சூட்டியிருக்கும் பெயர் அரைக்கிராம். அரைக் கிராம் குறைந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மரியாதைக்காக அல்ல, தராசை மறைப்பதற்காக. லஞ்சம் வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் ஊரில் ஒரு நண்பராவது மிஞ்சியிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு டர்ன்டேபிளுக்குக் கார்ட்ரிட்ஜ் வாங்க நேர்ந்தது. இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நுனியளவுப் பெட்டி அது. பழையது செத்துப் பல மாதமாகிறது. வீட்டில் யாரும் அழவில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வருகிறார்.

அக்காவும் தங்கையும் பள்ளிக்கூடத்தில் பாடிய சேர்ந்திசையை அந்தக் காலத்தில் இசைத்தட்டாகப் போட்டிருந்தார்கள். நடுவில் நாலு வரியை ஒருத்தி மட்டும் தனியாகப் பாடுவாள். அந்த ஒருத்தி யார் என்று இருவருக்கும் முப்பத்தைந்து வருடமாக வழக்கு. மிஞ்சிய ஒரே தட்டு, பழைய வாத்தியாரம்மா வீட்டுப் பரணிலிருந்து போன வாரம்தான் மனைவியின் கைக்கு வந்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை அவ காதுல அது விழணும். விழலைன்னா, அப்புறம் இந்த வீட்டுல என் சத்தம் மட்டுந்தான் கேக்கும்” என்றார் மனைவி.

ஊரில் கார்ட்ரிட்ஜ் விற்பவர் ஒரே ஒருவர். ஊசி தட்டை எவ்வளவு பாரத்தோடு அழுத்துகிறது என்று பார்க்க அவர் ஒரு குட்டித் தராசு வைத்திருந்தார். அதில் அரசு முத்திரை இல்லை என்று அரைக்கிராம் பறிமுதல் செய்து மூன்று மாதம்தான் ஆகிறது.

“வாங்க சார். இன்னிக்கு எதைத் தூக்கிட்டுப் போகப் போறீங்க?”

“நான் வாடிக்கையாளரா வந்திருக்கேன்.”

“அப்ப செருப்பை வெளிய விடுங்க. செருப்போட உள்ள வர்ற சலுகை அதிகாரிங்களுக்குத்தான்.”

பழைய தட்டுக்கு ஊசி வேண்டும் என்றதும் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று தடித்த முனை, விலை மலிவு. மற்றொன்று மெல்லிய முனை, கண்ணாடிப் பேழையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“பழைய தட்டுன்னா இந்தத் தடிச்சதுதான் சார் சரி. எதை வாங்கினாலும் பெட்டியில போட்டிருக்கிற பாரத்தைக் குறைக்காம வைங்க. குறைச்சா ஊசி துள்ளி தட்டைக் கீறிடும்.”

அரைக்கிராம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தராசைப் பறிகொடுத்தவன் நல்லதா சொல்வான்? மட்டமான சரக்கைத் தலையில் கட்டுகிறான். பாரத்தை வேறு ஏற்றச் சொல்கிறான், தட்டு தேய்ந்து நாசமாகட்டும் என்று. மெல்லியதை எடுத்துக்கொண்டு நடந்தார். கடைக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நம்ப மாட்டார் என்று தெரிந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதைவிடச் சுகமான பழிவாங்கல் வேறு என்ன இருக்கிறது?

பெட்டியின்மேல் இரண்டு கிராம் என்று அச்சிட்டிருந்தது. அவரோ திருகைத் திருப்பி ஊசியின் பாரத்தை ஒரு கிராமாக வைத்தார். ஊர் முழுக்கக் குறைந்த எடையைத் தேடித்தேடிப் பிடித்தவர், சொந்த வீட்டில் பாதிக்குப் பாதி குறைத்தார். பாரம் குறைந்தால் தேய்மானம் குறையும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

ஞாயிறு காலை அக்கா வந்து நாற்காலியில் அமர்ந்தார், தீர்ப்பு ஏற்கெனவே பையில் இருப்பதைப் போல. தட்டு சுழன்றது. சேர்ந்திசை ஒழுங்காகவே போயிற்று. தனிக்குரல் உச்சத்துக்கு எழும்பிய இடத்தில் ஊசி துள்ளியது. சர்ரென்று சறுக்கி நடு லேபிளில் போய் முட்டியது. அரைக்கிராம் பதறிப்போய் ஊசியை மறுபடி வைத்தார். மறுபடி சறுக்கியது. இப்போது நாலு வரியின் குறுக்கே கண்ணுக்கே தெரியும்படி ஒரு கோடு. அதன்பின் அங்கே “கர்ர்ர்” என்ற சத்தம் மட்டுமே பாடியது.

“என் குரலை அழிக்கிறதுக்குன்னே வீட்டுல ஆளு வச்சிருக்கியாடி?” என்றார் அக்கா.

“உன் குரலா? உனக்கு எப்பக்கா குரல் இருந்துச்சு? இந்தா, கேட்டுக்கோ!” என்று மனைவி எழுந்து நின்று அந்த நாலு வரியைப் பாடினார். அக்கா விடுவாரா? அவரும் எழுந்தார், இன்னும் உரக்கப் பாடினார். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

பாடி முடித்து மூச்சு வாங்கிய இருவரும் அரைக்கிராம் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்களே சொல்லுங்க. தட்டுல கேட்டது யார் குரல்?” என்றார் மனைவி.

“பயப்படாம சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் அக்கா.

மனைவியின் பெயரைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைத்தெருவில் பேசும் அதே குரலில் சொன்னார்:

“அது தெரியலை. ஆனா இப்பப் பாடினதுல ரெண்டு பேருக்குமே சுருதி கொஞ்சம் குறையுது.”

அக்கா தங்கை பக்கம் திரும்பினார்.

“இந்த மனுஷனோட எப்படிடி காலம் தள்ளுற?” என்றார் அக்கா.

“ஏன் கேக்க மாட்ட? ‘நேர்மையான மனுஷன், கண்ணை மூடிட்டுக் கட்டிக்கோ’ன்னு பாத்து வச்சவளே நீதானே!” என்று மனைவி அடுத்த வழக்கைத் தொடங்கினார்.