கிள்ளானில் ஒரு சங்கீத தியானம்

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மதியம் ஒரு பிடி பிடித்த வாழையிலைச் சாப்பாடு இன்னும் கண்ணைச் சொருகியது. பக்கத்திலேயே இருக்கும் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரப் பயணம். தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த எனக்கு ரயிலின் குளிர்தான் பெரிய சோதனை. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் நின்றுகொண்டே அருமையாகத் தூங்கினார்கள்.

என் பள்ளித்தோழி ஜெசிந்தா கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். வெள்ளிதோறும் அவள் வீட்டில் சங்கீத தியானம். தியானமென்றால் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு இருப்பது என்று நம்பித்தான் போனேன்.

நிலையத்துக்கு வெளியே அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஆரோக்கியம் காரோடு காத்திருந்தார். லோரி ஓட்டுகிறவர்.

"நீங்களும் ஜெபத்துக்கு வர்றீங்களா அண்ணே?"

"வருவேன் பாஸ். சும்மா உக்காந்திருப்பேன். என் வைஃப் ரீட்டா தவறிப் போனதிலிருந்து அந்த வரி வாயில வரமாட்டேங்குது லா."

எந்த வரி என்பது ஏழரை மணிக்குத் தெரிந்தது. கடவுளின் அன்பு முடிவில்லாதது என்று அடிக்கு அடி திரும்பச் சொல்லும் சங்கீதத்தை ஜெசிந்தா வாசித்துவிட்டு, வேதாகமத்தை மூடி வைத்தாள். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

"மழ பேஞ்சும் வீட்டுக்குள்ள தண்ணி வரல."

"அவரு அன்பு ஓயாது."

"மகளுக்கு வேல கெடச்சிருச்சு."

"அவரு அன்பு ஓயாது."

நான் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததைச் சொன்னேன். அதற்கும் மனதாரப் பதில் வந்தது. வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்தது ஆரோக்கியத்தின் முறை. வழக்கம்போல் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தாள் ஜெசிந்தா. ஆனால் அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த வாரமும் ரெண்டு பேருக்குச் சோறாக்கிட்டேன்."

"அவரு அன்பு..." பழக்கத்தில் எல்லாருக்கும் வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் அவர் சொன்னது உறைத்தது. குரல்கள் பாதியில் நின்றன.

"அண்ணே, மன்னிச்சிருங்க," என்றாள் ஜெசிந்தா.

"இல்ல லா. நிறுத்தாதீங்க. முழுசா சொல்லுங்க."

மறுபடி சொன்னார்கள், மிக மெதுவாக. அதில் அவருடைய கரகரத்த குரலும் இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊர் ஜெபக்கூட்டமாக இருந்தால் ஆளாளுக்கு ஆறுதல் சொல்லியே அவர் வாயை அடைத்திருப்போம். இவர்கள் ஒருவரும் கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் என்னை நிலையத்தில் விடக் கிளம்பிய ஆரோக்கியம், கார் கதவருகே தயங்கினார்.

"ட்ரெய்னுக்கு டைம் இருக்கு பாஸ். சோறு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போறீங்களா?"

அவர் வீட்டுக்குப் போனோம். மேசையில் இரண்டு தட்டுகளை வைத்தார். மீன் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடத்தான். நான் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பானை காலியானது.